செம்பருந்துக்குப் பேசினவன்

ஜனவரி 6, திங்கள்

"இனிமே பேசுறதைக் குறைங்க. சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்க" என்றார் டாக்டர். நாற்பத்து மூன்று வருஷம் பேசியே சோறு தின்றவனிடம் இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்தான் ஆனது. வரும் வழியில் என் மனைவி பியூலா இந்த நோட்டை வாங்கினாள். அட்டையில் ரோஜாப்பூ. என் மூஞ்சிக்கு ரோஜாப்பூ ஒன்றுதான் குறைச்சல்.

விஷயம் இதுதான். தொண்டையில் ஒன்று வளர்ந்திருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 27ஆம் தேதி ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்களாம். "அதுக்கப்புறம்?" என்று கேட்டேன். "நல்லா இருப்பீங்க. கழுத்து வழியா மூச்சு வரும். குரல் வராது" என்றார். நல்லா இருப்பதென்றால் என்னவென்பதில் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

நான் டி. தேவசகாயம். சொந்த ஊர் நாகர்கோவில், இருப்பு சாலிகிராமம். டப்பிங் கலைஞன். என் முகத்தைப் பார்த்து யாரும் திரும்ப மாட்டார்கள். வாயைத் திறந்தால் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்ப்பார்.

ஜனவரி 8

பியூலா போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். "செம்பருந்து மீண்டும் பறக்கிறது." படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை.

எண்பதுகளில் செம்பருந்து பெயரில் மூன்று படம் வந்தது. சிவப்புச் சால்வை, பருந்து மூக்கு வைத்த முகமூடி, கிரேனில் கட்டிவிட்ட கயிறு லேசாகத் தெரியும். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து குதித்துக் கையை உடைத்தார்கள். செம்பருந்தாக நடித்தவர் ரதீந்திரன். ஆள் ஆறடி, நெஞ்சு கதவு அகலம். குரல் மட்டும் கீச்சு. போதாக்குறைக்கு ஹூப்ளிக்காரர், தமிழும் வராது. அதனால் மூன்று படத்துக்கும் நான் பேசினேன். டைட்டிலில் என் பெயர் கிடையாது. "தேவா, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். இருக்கட்டும் என்றேன். அப்படியே இருந்தது. ஒன்பது வருஷம் முன்னால் அவர் போய்ச் சேர்ந்தபோது டி.வி.யில் "அந்தச் சிம்மக் குரல் ஓய்ந்தது" என்றார்கள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது புதுப்படத்தில் பழைய செம்பருந்து பன்னிரண்டு நிமிஷம் வருகிறாராம். முகத்தை கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். குரலையும் மெஷினில் செய்கிறார்கள். "மறைந்த ரதீந்திரனின் சொந்தக் குரலே, குடும்பத்தாரின் அனுமதியோடு" என்று போட்டிருக்கிறது.

யாருடைய சொந்தக் குரல்? யார் அனுமதி கொடுத்தது? சவம், இதைச் சத்தம் போட்டுக் கேட்கக்கூட எனக்கு டாக்டர் தடை.

ஜனவரி 9

ஃபேன் துடைத்தேன். மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கினேன். "காலுக்கு என்ன சக்கரமா கெட்டியிருக்கு?" என்றாள் பியூலா.

ஜனவரி 11, சனி

டப்பிங் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். கும்பல் குரல் கொடுக்க ஏழு பேர் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். என்ன படம் என்றேன். சொன்னார். வருகிறேன் என்றேன்.

பியூலாவிடம் நெத்திலிக் கருவாடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மைக் முன்னால் ஏழு பேர் நின்றோம். "ஐயோ ஓடுங்க, கட்டடம் சாயுது", "அதோ பாருங்க, செம்பருந்து" என்று கத்த வேண்டும். செம்பருந்தே நின்று "அதோ செம்பருந்து" என்று கத்திய கொடுமை என் ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கும். மூன்றாவது டேக்கில் என் குரல் உடைந்தது. பக்கத்தில் நின்றவர் மிட்டாய் கொடுத்தார்.

இடைவேளையில் சவுண்ட் என்ஜினீயரிடம் பேச்சுக் கொடுத்தேன். சஞ்சீவ் என்று பெயர், நல்ல பையன், பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "மூணு படத்துல இருந்தும் மியூசிக்கைப் பிரிச்சு எடுத்து, குரலை மட்டும் மெஷினுக்குக் கொடுத்தோம் சார். ரதீந்திரன் சாரோட ரேடியோ பேட்டி டேப் ஒண்ணும் கிடைச்சுது. ஆனா அது அவர் குரலோட மேட்ச் ஆகல. வேற யாரோ பேசியிருக்காங்க. தூக்கிப் போட்டுட்டோம்" என்றான்.

மனிதர் வாழ்நாளில் தன் வாயால் பேசிய ஒரே பேட்டி. அதைப் போலி என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, கைக்குட்டையைச் சட்டென்று மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகு மெஷின் பேசியதைப் போட்டுக் காட்டினான். நான்தான். முப்பது வயது நான். கண்ணாடி டம்ளர் அதிர்கிற மாதிரி. இரண்டாவது தடவை போடச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

"சண்டை டயலாக் எல்லாம் சூப்பர் சார். ஒரு சீன்தான் உதைக்குது" என்றான். செம்பருந்து முகமூடியைக் கழற்றிவிட்டு, தன் மகனிடம் மன்னிப்புக் கேட்கிறானாம். ஊரைக் காப்பாற்றினவன் வீட்டை விட்டுவிட்டான் என்பதுதான் இந்தக் காலத்துக்குப் புதுக் கதை. மெஷின் அந்த மன்னிப்பையும் கத்துகிறது. பின்னே? மூன்று படத்தில் அந்த ஆள் ஒரு தடவைகூட மெதுவாகப் பேசியதில்லை. கொடுத்ததைத்தானே அது திருப்பித் தரும்.

கருவாடு வாங்க மறந்துவிட்டேன். பியூலா கேட்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. விழுங்கக் கஷ்டமில்லை என்று எழுதி வைக்கிறேன். ஒரே ஒரு தடவை தண்ணீர் குடித்தேன். இரண்டு தடவை.

ஜனவரி 17, வெள்ளி

இயக்குநரைப் பார்த்தேன். தர்ஷனா என்று பெயர், முப்பத்திரண்டு வயது. உதவி இயக்குநர்கள் நாலு பேரைத் தாண்டி ரூமுக்குள் போவதற்கே ஒன்றரை மணி நேரம். "சொல்லுங்க சார்" என்று லேப்டாப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

விளக்கம் எல்லாம் சொல்லும் அளவுக்குத் தொண்டை இல்லை. செம்பருந்து படத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான அந்த வரியைச் சொன்னேன். "செம்பருந்து..." என்று நிறுத்தி, ஒரு மூச்சு இழுத்து, "இறங்கிட்டான்."

அந்த மூச்சுதான் விசேஷம். ஊர் முழுக்க அதைச் செய்து காட்டுவார்கள். அன்றைக்கு டப்பிங்குக்கு லேட்டாகி மூன்று மாடி ஓடிவந்து மைக் முன்னால் நின்றதால் வந்த மூச்சு அது. முகமூடிக்குள் வாய் தெரியாது, அதனால் விட்டுவிட்டார்கள்.

தர்ஷனா எழுந்து நின்றுவிட்டாள். பிறகு, "சார், நான் ஆறாவது படிக்கும்போது இதைச் சொல்லிட்டு மாடிப்படியில இருந்து குதிச்சேன்" என்று முழங்கைத் தழும்பைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷனையும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

உடனே சஞ்சீவைக் கூப்பிட்டு மைக் போட்டார்கள். பன்னிரண்டு காட்சி. மெஷின் ஒரு தடவை, நான் ஒரு தடவை. பதினொன்றில் மெஷின்தான் நன்றாக இருந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்தது. என்னை நானே தோற்கடித்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது.

பன்னிரண்டாவது அந்த மன்னிப்பு. "வந்திருக்கணும்டா. வரல. அதுக்குக் காரணம் சொல்ல எனக்கு வாய் இல்ல." கரகரத்து, நடுவில் உடைந்து, பாதி காற்றாகப் போயிற்று. போச்சு என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தர்ஷனா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் சார் எனக்கு வேணும்" என்றாள். "டைட்டில்ல உங்க பேர் வரும். அது என் பொறுப்பு." ஆனால் ரதீந்திரனின் மகன் சம்மதிக்க வேண்டுமாம். முகமும் குரலும் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஐந்து கிலோமீட்டர் இருக்கும்.

ஜனவரி 20

மகன் வந்தார். ஹேமந்த். நாற்பத்தெட்டு வயது இருக்கும். அப்பாவின் உயரம், அப்பாவின் கீச்சுக் குரல்.

"இவர் பேசினார்னு இவர் சொல்றார். ஆதாரம் என்ன?" என்று தர்ஷனாவிடம் கேட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

"உங்க அப்பா வீட்ல எப்படிப் பேசுவார் தம்பி?" என்றேன்.

"வீட்ல யாராவது வசனம் பேசுவாங்களா? மெதுவாத்தான் பேசுவார். அது வேற, இது வேற" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "அப்பா போனதுக்கப்புறம் அவர் குரலைக் கேட்கணும்னு தோணினா அந்தப் படத்தைத்தான் போட்டுக் கேப்பேன். நீங்க பாட்டுக்கு வந்து அது உங்களுதுன்னு சொல்றீங்க."

போய்விட்டார். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

31ஆம் தேதிக்குள் குரல் கைக்கு வந்தால்தான் கம்ப்யூட்டரில் உதடு அசைவு செய்ய முடியும் என்றாள் தர்ஷனா. அன்றைக்கு எடுத்தது வெறும் சோதனை, மகன் சம்மதித்த பிறகு முழுக் காட்சியையும் புதிதாகப் பேசி எடுக்க வேண்டுமாம். எனக்கு 27 ஆபரேஷன். அதற்குள் இவரைச் சம்மதிக்க வைப்பது நடக்கிற காரியமில்லை. அவள் தேதியைப் பற்றி மேலே எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜனவரி 22

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஜலதோஷம் பிடித்திருக்கிறது, ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். பிப்ரவரி 4 என்று மாற்றினார்கள். ஒரு வாரம்தானே. மாதக்கணக்காக வளர்ந்தது ஒரு வாரத்தில் என்ன பெரிதாகச் செய்துவிடும்.

ஜனவரி 23

ஆஸ்பத்திரிக்காரர்கள் தேதியை உறுதி செய்ய பியூலாவுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

அவள் சமையலறையிலிருந்து கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் பேசக்கூடாது. அதனால் அவளே பேசினாள்.

"ஜலதோஷமாக்கும்? எந்த மூக்குல? டாக்டர் எங்கிட்ட என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா? இது குரலு விசயம் இல்ல, உசுரு விசயம்னாரு. அந்த ஆளுக்காவ இத்தன வருசம் வாயப் பொத்திட்டு இருந்தீங்க. எனக்க அக்கா மாருகிட்டகூட நான் சொன்னது கெடையாது. இப்ப அதே ஆளுக்காவ சாவப் போறீங்களா?"

நான் நோட்டில் "ஒரு வாரம்தான்" என்று எழுதிக் காட்டினேன்.

"எழுத்து நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சாப்பாட்டை மேஜையில் வைத்து மூடிவிட்டு, சர்ச்சுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை சர்ச்சில் ஒன்றும் கிடையாது.

ஜனவரி 26, ஞாயிறு

ஹேமந்த் வீட்டுக்கே வந்தார். கையில் பழைய கேசட். அவருடைய ஐந்தாவது பிறந்தநாளில் வீட்டில் பதிவு செய்ததாம். அப்பா கன்னடத்தில் பாட்டுப் பாடுகிறார். அதையும் படத்தையும் மூன்று நாள் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்.

"அப்பா ஏன் எங்கிட்டகூட சொல்லல?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். மகன் முன்னாலாவது செம்பருந்தாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார். அதைச் சொல்லவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதேன்னுதான் என்கிட்டயும் சொன்னார்" என்றேன்.

நான் பேசலாம் என்று சம்மதித்தார். ஒரு நிபந்தனை. என் பெயர் எங்கும் வரக்கூடாது. "என் பசங்களுக்கு அது தாத்தா குரல் சார்" என்றார்.

சரி என்றேன். நாற்பது வருஷமாக வேண்டும் என்று இருந்ததை விட்டுக்கொடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் போன பிறகு பியூலா, "பேருக்குத்தானே இத்தன ஓட்டம் ஓடினீங்க? அதுவும் இல்லன்னா பொறவு என்னத்துக்கு?" என்றாள். எழுதிக் காட்டச் சொல்லி நோட்டை நகர்த்தினாள். நான் பேனாவைத் தேடுவது மாதிரி எழுந்து போனேன்.

ஜனவரி 30, வியாழன்

முடிந்தது.

ஒன்பது வரி. நாலு மணி நேரம். ஆப்பிள் துண்டும் வெந்நீரும் வைத்திருந்தார்கள். ஒரு வரி பேசி, கால் மணி உட்கார்ந்து, அடுத்த வரி. திரையில் வயசான ரதீந்திரன் முகமூடியைக் கழற்றுகிறார். உதடு இன்னும் செய்யவில்லை, வாய் மூடியே இருந்தது. அந்த மூடிய வாயைப் பார்த்துப் பேசினேன். கடைசி வரியை முதல் டேக்கிலேயே ஓகே என்றாள் தர்ஷனா. நான் இன்னொன்று போகலாம் என்றேன். "வேண்டாம் சார். மிச்சம் வையுங்க" என்றாள்.

ஹேமந்த் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் டீ குடிக்கப் போனபோது மைக் ரூமுக்குள் வந்தார். ஹெட்போனைக் கையில் எடுத்து வயரைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"படத்துக்கு இல்ல சார். எனக்கு" என்றார். "வீட்ல என்னை 'புட்டா'ன்னு கூப்பிடுவார், கன்னடத்துல குட்டிப் பையன். வருஷத்துக்குப் பத்து நாள்தான் வீட்ல இருப்பார். மத்த நாள்லாம் தியேட்டருக்குப் போய் அந்தக் குரலைத்தான் கேட்டுட்டு வருவேன். அந்தக் குரல் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடாதான்னு..."

ரெக்கார்டிங் அணைத்திருந்தது. மைக் பக்கம் நிற்காமல் அவர் எதிரில் நின்று கூப்பிட்டேன். "புட்டா." அவருக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அடிவயிற்றிலிருந்து, பழைய மாதிரி. சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை, எதிரொலி கிடையாது. ஆனாலும் நிறைந்து நின்றது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. நாற்பத்தெட்டு வயது ஆள் குழந்தை மாதிரி "ஆங் அப்பா" என்றார்.

அதற்குப் பிறகு தொண்டையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது பியூலா கேட்டில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றினேன். "பேசியாச்சா?" என்றாள். தலையாட்டினேன். "நல்லா வந்ததா?" தலையாட்டினேன்.

"எனக்கு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். அவள் தன் கையால் என் வாயை மூடினாள். "போதும். வலிக்கும்" என்றாள்.

பிப்ரவரி 3

நாலு நாளாகக் குரல் திரும்பவில்லை. கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். பியூலாவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

பிப்ரவரி 21

ஆபரேஷன் ஆகிப் பதினேழு நாள். கழுத்தில் ஓட்டை. இருமினால் அது வழியாக இருமுகிறேன்.

மார்ச் 9

மீன் குழம்பு வாசனை தெரியவில்லை. மூக்கு வழியாகக் காற்றே போவதில்லை, அதனால் தெரியாதாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 17

பியூலாவைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறேன். இன்றைக்கு மூன்று தடவை தட்டியும் அவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜூன் 2

மெஷினில் இருக்கும் என் குரலை ஒரு போனில் போட்டுத் தருவதாகவும், எழுதினால் அது பேசும் என்றும் சஞ்சீவ் வந்து சொன்னான். நல்ல மனசு. பியூலா அவனுக்குக் காபி கொடுத்து, "வேண்டாம் தம்பி. அது வீட்டுக்குள்ள கத்தும்" என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

படம் வந்துவிட்டது. நான் வரவில்லை என்று எழுதினேன். பியூலா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். காலைக் காட்சி, அரங்கு நிறைந்திருந்தது. டைட்டிலை நான் பார்க்கவில்லை, துண்டைச் சரி செய்துகொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. செம்பருந்து முகமூடியைக் கழற்றினான். அத்தனை நேரம் விசில் அடித்த கும்பல் அடங்கிவிட்டது. "வந்திருக்கணும்டா. வரல." அவ்வளவு பெரிய அரங்கில் என் தொண்டைக் கரகரப்பு ஒவ்வொன்றாகக் கேட்டது. என்னிடம் இப்போது இல்லாத தொண்டை.

பியூலாவுக்கு அடுத்த சீட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், மடியில் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மனைவியிடம், "என்ன வாய்ஸ் பாத்தியா. ரதீந்திரன் ரதீந்திரன்தான்" என்றார்.

பியூலா திரும்பினாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் வழக்கப்படி அவள் என் பெயரைச் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பக்கத்தில் நின்ற நர்ஸைப் படிக்கச் சொன்னாள்.

"ரதீந்திரன் இல்ல" என்றாள். "இவங்க பேசினது. தேவசகாயம். டி. தேவசகாயம்." முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமாவா சார்? ஒரே ஒரு வரி பேசுங்களேன். பாப்பாவுக்காக" என்றார். பாப்பாவும் என்னைப் பார்த்தது. என் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று.

"பேசியாச்சு" என்றாள் பியூலா. "இப்பக் கேட்டீங்கல்லா, அதாக்கும்."

அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சண்டைக் காட்சி ஆரம்பித்து ஒரே சத்தம். நான் பியூலா பக்கம் திரும்பி, அவள் பெயரை உதட்டால் சொன்னேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னேன்.